வயல் களிமண்ணில் பேட்மொபைல் வடிக்கலாமா?

தம்பி, திருத்துறைப்பூண்டி பக்கத்திலிருந்து நீங்கள் கேட்டிருப்பது இது: 1966-ல் வந்த பேட்மேன் படத்திலும் தொலைக்காட்சித் தொடரிலும் ஓடிய பேட்மொபைல் என்ற அந்தக் கறுப்புக் காரை, கம்ப்யூட்டர், முப்பரிமாணப் பிரிண்டர் எதுவும் இல்லாமல் கையாலேயே களிமண்ணில் வடிக்க வேண்டும். வயலில் கிடக்கும் களிமண் போதுமா, எந்த அளவில் செய்வது, முடித்த பிறகு அதிலிருந்து ஃபைபரில் ஒரு பிரதி எடுக்க முடியுமா? எல்லாவற்றுக்கும் சேர்த்தே சொல்கிறேன், கொஞ்சம் நீளமாகப் போகும்.

சுருக்கமான பதில்: கார் கட்டாயம் வரும், ஆனால் வயல் களிமண்ணில் வராது. மெழுகும் எண்ணெயும் சேர்ந்த களிமண் வேண்டும். அளவு எட்டில் ஒரு பங்கு. ஃபைபர் எடுக்கலாம், அதற்கான ஏற்பாட்டைக் களிமண் கலக்கும்போதே யோசித்திருக்க வேண்டும். நான் சுவாமிமலைப் பட்டறையில் மெழுகு வேலை கற்று, அப்புறம் சென்னையில் ஒரு கார் டிசைன் ஸ்டூடியோவில் களிமண் மாடல் செய்பவனாக நெடுநாள் இருந்தவன். இரண்டு இடத்து வித்தையும் இந்த ஒரு வேலையில் வந்து சேர்வதால் ஆசையாகவே எழுத உட்கார்ந்தேன்.

வயல் களிமண் ஏன் ஆகாது? சித்திரையில் உங்கள் வயலைப் பாருங்கள், கை நுழைகிற அளவுக்கு வெடித்துக் கிடக்கும். நம் டெல்டாவின் கனத்த களிமண் தண்ணீரை வாங்கி உப்பும், காய்ந்தால் அதே வேகத்தில் சுருங்கும். காயவைத்துச் சூளையில் சுட்டு எடுக்கும்போது நீளத்தில் பத்தில் ஒரு பங்குவரை குறைந்துவிடலாம். 70 சென்டிமீட்டரில் செய்த கார் 63-ல் வந்து நிற்கும். சரி, முதலிலேயே கொஞ்சம் பெரிதாகச் செய்துவிடலாமே என்பீர்கள். சிக்கல் அளவோடு முடிவதில்லை. காருக்கு உள்ளே மரமோ தெர்மக்கோலோ வைத்து அதன் மேல்தான் மண்ணை அப்ப முடியும். உள்ளே இருப்பது சுருங்காது, மேலே இருப்பது சுருங்கும், அப்புறம் மண் கிழியாமல் என்ன செய்யும்? அதிலும் இந்தக் காரின் பின்பக்க இறக்கை மெல்லியது, உடம்பு தடிமன். இறக்கை முதலில் காய்ந்து இழுக்கும், உடம்பு இன்னும் ஈரமாக இருக்கும், விரிசல் சரியாக அந்த அடிவேரில் விழும்.

வேளார்கள் ஆள் உயர ஐயனார் குதிரையே செய்கிறார்களே என்று நீங்கள் கேட்டிருந்தீர்கள். நல்ல கேள்வி. அவர்கள் மண்ணோடு மணலும் உமியும் வைக்கோலும் கலக்கிறார்கள், உள்ளே எதையும் வைக்காமல் கூடாகவே சுவர் எழுப்புகிறார்கள், அடிப்பகுதி இறுகிய பிறகுதான் அடுத்த சுற்றை ஏற்றுகிறார்கள். குதிரையின் உடம்பு உருண்டு திரண்ட வடிவம், சுருங்கினாலும் எல்லாப் பக்கமும் ஒன்றாகச் சுருங்கும். காரின் பானட் அகலமான தட்டைப் பரப்பு. காயும்போது அதன் ஓரம் தூக்கும், நடு அமுங்கும். சுடுமண் கார் செய்வதும் ஒரு அழகான வேலைதான், அதைச் சுடுமண் காராகவே நினைத்துச் செய்ய வேண்டும். நீங்கள் கேட்பது அச்சு அசலான பிரதி. அதற்கு இன்று முடித்த பரப்பு நாளைக் காலையிலும் அதே இடத்தில் இருக்கிற மண் வேண்டும்.

அந்த மண்தான் கார் கம்பெனிகள் பயன்படுத்துவது. களிமண்ணில் கார் வடிவத்தைத் தேடும் பழக்கத்தைப் பெரிய அளவில் கொண்டுவந்தவர் ஹார்லி ஏர்ல். அவருடைய அப்பாவின் பட்டறை லாஸ் ஏஞ்சல்ஸில் இருந்தது, ஹாலிவுட் நடிகர்களுக்குத் தனித்தனியாக கார் உடல் கட்டிக்கொடுத்த இடம். அங்கே களிமண்ணில் மாதிரி செய்து பழகியவரை ஜெனரல் மோட்டார்ஸ் கூப்பிட்டு 1927-ல் ஒரு வடிவமைப்புப் பிரிவையே அவர் கையில் கொடுத்தது. ஆக, கார் கம்பெனிக்குக் களிமண் போனதே சினிமா ஊரிலிருந்துதான். இன்றைக்குக் கம்ப்யூட்டர் எவ்வளவோ செய்தாலும் பெரிய கம்பெனிகள் முழு அளவுக் களிமண் மாடலை இன்னும் விடவில்லை. திரையில் தெரியாத ஒரு வீக்கம் கையில் தட்டுப்படும், வெளிச்சத்தில் தெரியும்.

அந்தத் தொழிற்சாலைக் களிமண்ணில் மெழுகு, எண்ணெய், நிரப்பப் பொடி இவ்வளவுதான் அடிப்படை. தண்ணீர் கிடையாது, அதனால் காய்வதில்லை, சுருங்குவதில்லை. 55-60 டிகிரி சூட்டில் இளகும், அறைச் சூட்டில் செதுக்கும் அளவுக்கு இறுகும். வெளிநாட்டுச் சரக்கு கிடைக்கும், விலை கையைக் கடிக்கும். ஒன்று கவனியுங்கள்: அதில் பல வகைகளில் கந்தகம் நிரப்பியாக இருக்கும். கந்தகம் பட்டால், அச்சு எடுக்கப் பயன்படும் பிளாட்டினம் வகை சிலிகான் ரப்பர் இறுகாது, தொட்ட இடமெல்லாம் பிசுபிசுவென்று நிற்கும். பிரதி எடுக்கும் எண்ணம் இருந்தால் கந்தகம் இல்லாத வகையாகக் கேட்டு வாங்க வேண்டும்.

வாங்க முடியவில்லை என்றால் நீங்களே கலக்கலாம். இங்கேதான் நம் ஊர் அறிவு கைகொடுக்கிறது. சுவாமிமலையில் சிலைக்கான மெழுகை எப்படிச் சேர்க்கிறார்கள்? தேன்மெழுகு, குங்கிலியம், கடலை எண்ணெய். குங்கிலியம் கூடினால் இறுகும், எண்ணெய் கூடினால் இளகும். உங்கள் களிமண்ணுக்கும் அதே கணக்குதான், கூடவே நிரப்பப் பொடியாக சீனக்களிமண் பவுடரையோ டால்க் பொடியையோ சேர்க்கிறீர்கள், எண்ணெய்க்குப் பதில் கிரீஸும் போடலாம். வெறும் பாரஃபின் மெழுகை மட்டும் நம்பாதீர்கள், உடையும். அளவை நான் கிராமில் சொல்லப் போவதில்லை, ஏனென்றால் மெழுகுக்கு மெழுகு குணம் மாறும். கொஞ்சமாகக் கலந்து, ஆறவிட்டு, நகத்தால் அழுத்திப் பாருங்கள். நகம் பதிய வேண்டும், விரல் பதியக் கூடாது. பிளேடால் சீவினால் சுருள் சுருளாக வர வேண்டும். பொடிப்பொடியாக உதிர்ந்தால் எண்ணெய் போதவில்லை. பிளேடில் அப்பிக்கொண்டால் எண்ணெய் அதிகம். உருக்கும்போது நேரடி நெருப்பில் வைக்கவே வைக்காதீர்கள், வெந்நீர்ப் பாத்திரத்துக்குள் இன்னொரு பாத்திரம் வைத்து உருக்குங்கள். மெழுகு தீப்பிடித்தால் தண்ணீர் ஊற்றக் கூடாது, மூடி போட்டு அணைக்க வேண்டும்.

காலம் முக்கியம். சித்திரை வைகாசியில் ஓட்டு வீட்டுக்குள் இந்த மண் பிடித்த இடத்தில் நிற்காது, ஏசி அறை இருந்தால்தான் வேலை நடக்கும். ஐப்பசி கார்த்திகை மழையில் மண்ணுக்குப் பாதகமில்லை, ஆனால் பிளாஸ்டர் காயாது, ஃபைபரும் பிசுபிசுக்கும். மார்கழியில் தொடங்கி மாசிக்குள் அச்சு எடுத்துவிடுகிற மாதிரித் திட்டமிடுங்கள்.

இனி இந்த வேலையின் உயிர் எங்கே இருக்கிறது என்பதற்கு வருகிறேன். இந்தக் காரைப் பார்த்ததும் எல்லோரும் இறக்கை, இரட்டைக் குமிழிக் கண்ணாடி, மூக்கில் வௌவால் முகம், பின்னால் பாராசூட் பெட்டி என்று உறுப்புகளைத்தான் பார்க்கிறார்கள். பிரதி செய்யக் கிளம்புகிறவர்களும் அதையே செய்து அடுக்குகிறார்கள். எல்லாம் இருக்கும், கார் மட்டும் இருக்காது. காரைக் காராகக் காட்டுவது அந்த உறுப்புகளுக்கு நடுவே கிடக்கும் வெறும் பரப்பு. கதவுக்கும் பின்சக்கரத்துக்கும் இடையில் ஒன்றுமே இல்லாத ஒரு இடம் இருக்கிறதே, அதில் வெளிச்சம் எப்படி ஓடுகிறது, எங்கே அகலமாகிறது, எங்கே ஒடுங்கி மறைகிறது, அதுதான் வடிவம். கறுப்புப் பளபளப்புக் காரில் இது இன்னும் கறார். மங்கலான களிமண்ணில் அரை மில்லிமீட்டர் பள்ளம் கண்ணுக்கே தெரியாது, கறுப்பு பெயின்ட் அடித்தால் தெருவிளக்கின் பிரதிபலிப்பு அந்த இடத்தில் நெளிந்து காட்டிக்கொடுத்துவிடும்.

இதைப் புத்தகத்தில் படிப்பதைவிடத் தஞ்சாவூர் அரண்மனை கலைக்கூடத்தில் போய்ப் பாருங்கள். திருவெண்காட்டிலிருந்து வந்த ரிஷபவாகன தேவர் அங்கே இருக்கிறார், 1011-ம் ஆண்டைச் சேர்ந்த செப்புத் திருமேனி. காளை மேல் சாய்ந்து நிற்பதாக வடித்தது, காளை இப்போது இல்லை. அந்தத் தோளில் தசை, நரம்பு என்று ஒன்றையும் தனியாகக் காட்டியிருக்க மாட்டார்கள். தோளில் விழுகிற வெளிச்சம் மார்பு வழியாக இடுப்புக்கு எங்கேயும் தடுக்காமல் இறங்கும். நீங்கள் இரண்டடி இடப்பக்கம் நகர்ந்தால் அந்த வெளிச்சமும் கூடவே நகரும், எங்கேயும் குதிக்காது. கார் மாடலில் நாங்கள் நாள் முழுக்க உட்கார்ந்து தேடுவது இதைத்தான். ஒரு மணி நேரம் அவர் முன்னால் நின்றுவிட்டு வந்து பானட்டைத் தொடுங்கள், கை வேறு மாதிரி வேலை செய்யும்.

சரி, காருக்கு வருவோம். அது பேட்மேனுக்காகப் பிறந்த கார் இல்லை என்பது உங்களுக்குத் தெரிந்திருக்கலாம். 1955-ல் லிங்கன் ஃபியூச்சுரா என்ற கண்காட்சிக் காராக வந்தது, உடலை இத்தாலியில் டூரின் நகரத்துக் கியா (Ghia) பட்டறையில் கையால் கட்டினார்கள். அதை, சினிமாவுக்கு கார்களை மாற்றிக் கட்டிக்கொடுத்த ஜார்ஜ் பாரிஸ் ஒரு டாலருக்கு வாங்கி வைத்திருந்தார். தொடருக்குக் கார் கேட்டு வந்தபோது கையில் சில வாரம்தான் இருந்தது, அதனால் இதை எடுத்து மாற்றினார். உங்கள் வேலைக்கு இந்தக் கதை எதற்கு என்றால், உடம்பின் பெரிய பரப்புகள் எல்லாம் ஃபியூச்சுராவுடையவை, மூக்கும் இறக்கையின் வெட்டும் சக்கர வளைவும்தான் பின்னால் சேர்ந்தவை. ஆகவே பழைய ஃபியூச்சுரா படங்களையும் தேடி எடுங்கள். அது வெளிர் நிறக் கார், படத்தில் பரப்பின் மேடு பள்ளம் தெரியும். கறுப்பு பேட்மொபைல் படங்களில் பாதி உடம்பு நிழலில் போய்விடும். இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால்தான் அடியில் இருக்கும் உருவம் புரியும். பாரிஸே அசல் காரிலிருந்து அச்சு எடுத்து ஃபைபரில் பிரதிகள் செய்தார், நீங்கள் போகப்போகும் வழி புதிதொன்றும் இல்லை.

அசல் காரின் நீளம் ஏறத்தாழ 5.7 மீட்டர். எட்டில் ஒன்று என்றால் 71 சென்டிமீட்டர், ஒரு மேஜையில் அடங்கும், இரண்டு கையும் சேர்த்து இழுத்துச் சீவ இடம் இருக்கும். இதைவிடச் சிறிதாகப் போனால் பரப்பு விரல்நுனி வேலையாகிவிடும், கை வீச்சு வராது. முழு அளவு ஆசையை இப்போதைக்கு விடுங்கள். அதற்கு டன் கணக்கில் மண், இரும்புச் சட்டம், குளிரூட்டிய கூடம் எல்லாம் வேண்டும்.

படம் வரைவதில் அவசரப்படாதீர்கள். பக்கவாட்டுப் படத்தை ஜூம் வைத்துத் தூரத்திலிருந்து எடுத்ததாகத் தேர்ந்தெடுக்க வேண்டும். பக்கத்தில் நின்று எடுத்த படத்தில் அருகில் இருக்கும் சக்கரம் பெருத்து, கோடியில் இருக்கும் சக்கரம் சிறுத்துவிடும். முன்பின் சக்கரங்களின் விட்டத்தை அளந்து பாருங்கள், இரண்டும் ஒன்றாக வந்தால் அந்தப் படத்தை நம்பலாம். பக்கம், மேல், முன், பின் நான்கையும் எட்டில் ஒரு பங்கில் வரைந்து சுவரில் ஒட்டுங்கள். நான்கிலும் மேல்பார்வைக்குத்தான் அதிக நேரம் கொடுக்க வேண்டும். மேலிருந்து பார்த்தால் எந்தக் காரும் செவ்வகம் இல்லை, நடுவில் புடைத்து முன்னும் பின்னும் ஒடுங்கும். பக்கவாட்டுப் படத்தை மட்டும் பார்த்துச் செய்கிறவர்களின் கார் பெட்டியாக நிற்பதற்குக் காரணம் இதுதான். வளைகோடு போட மூங்கிலை ஒரே தடிமனில் மெல்லிசாகச் சீவி வைத்துக்கொள்ளுங்கள். மூன்று நான்கு ஆணிக்கு நடுவே அதை வளைத்தால் முறிவில்லாத கோடு தானாகக் கிடைக்கும்.

அடித்தளத்துக்கு என் யோசனை, கிரானைட் கடையில் சமையல் மேடைக்கு வெட்டியதில் மிஞ்சிய பலகை ஒன்று. நல்ல சமதளம், வளையாது, விலையும் குறைவு. அதன்மேல் நடுக்கோடு, அப்புறம் 12.5 மில்லிமீட்டருக்கு ஒரு கட்டமாகக் கோடுகள். அசல் காரில் 10 சென்டிமீட்டர் என்பது உங்கள் பலகையில் ஒரு கட்டம், கணக்குப் போடாமலே அளவு தெரியும். ஒரு மூலைமட்டமும் உயரம் குறிக்க நேராக நிற்கும் ஒரு ஸ்டீல் ஸ்கேலும் இருந்தால் காரின் எந்தப் புள்ளியையும் நீளம், அகலம், உயரம் என்று பிடித்துவிடலாம்.

உள்கூடு பிளைவுட் அடிப்பலகையும் அதன்மேல் தெர்மக்கோலும். முடிவான பரப்பைவிட எல்லாப் பக்கமும் ஒன்றிலிருந்து ஒன்றரை சென்டிமீட்டர் உள்ளே இருக்கும்படி செதுக்குங்கள். ஃபெவிகால் பூசிக் காயவிட்டால் மண் நன்றாகப் பிடிக்கும். இறக்கைகளுக்கு மட்டும் அலுமினியத் தகட்டை அதே வடிவில் கொஞ்சம் சிறிதாக வெட்டி, முழுக்கத் துளை போட்டு, பிளைவுட்டில் நன்றாக முடுக்கி நிறுத்துங்கள். இரண்டு பக்க மண்ணும் துளை வழியாக ஒன்றையொன்று பிடித்துக்கொள்ளும், மதிய வெயிலிலும் இறக்கை சாயாது.

மண்ணைச் சூடாக்க ஒரு மரப்பெட்டியில் குண்டு பல்பும் தெர்மாமீட்டரும் போதும். முதல் பூச்சு மிக மெல்லியதாக, கட்டைவிரலால் அழுத்தித் தேய்த்து ஏற்ற வேண்டும். இடையில் காற்று நின்றால் பின்னால் சீவும்போது அந்த இடம் தகடாகப் பெயர்ந்து வரும். முதல் பூச்சு பிடித்துவிட்டால் அடுத்தடுத்த பூச்சு வேகமாகப் போகும். முடிவான உயரத்துக்கு மேலேயே கொஞ்சம் ஏற்றிவிடுங்கள், எடுப்பது சுலபம்.

டெம்ப்ளேட்டுகளை, அதாவது காரின் வளைகோட்டை அப்படியே வெட்டிய அளவுத் தகடுகளை, மெல்லிய ஹைலம் ஷீட்டிலோ (கெட்டியான பிசின் தகடு) அலுமினியத்திலோ வெட்டுங்கள். நடுக்கோட்டு முழு உருவத்துக்கு ஒன்று, அப்புறம் குறுக்கே முன்சக்கர அச்சு, கண்ணாடி அடி, கதவு நடு, பின்சக்கர அச்சு. குறுக்கு டெம்ப்ளேட்டுகளைக் காரின் பாதிக்கு மட்டும் வெட்டினால் போதும், திருப்பி வைத்தால் அடுத்த பாதி. இந்த இடங்களில் மண்ணைச் சரியான அளவுக்குக் கொண்டுவந்துவிட்டால், இடையில் இருப்பது உங்கள் கண்ணும் கையும்.

சீவுவதைத்தான் விளக்கமாகச் சொல்ல வேண்டும். ஆக்சா பிளேடை உடைத்து ஒரு மரப்பிடியில் பதித்தால் பல் வைத்த சீவுளி தயார். பழைய கை ரம்பத் தகட்டில் நான்கு விரல் நீளத்துக்கு வெட்டி, விளிம்பைப் பிசிறில்லாமல் நேராக அரத்தால் ராவி, எண்ணெய்க் கல்லில் தேய்த்தால், பரப்பை மெழுகி வழவழப்பாக்கும் மெழுகுத் தகடு தயார். முதலில் பல் சீவுளி. இரண்டு கையாலும் பிடித்து, முழங்கையை அசைக்காமல் உடம்போடு சேர்ந்து பின்னால் நகர்ந்து, காரின் நீளவாக்குக்குச் சாய்வாக இழுக்க வேண்டும். அடுத்த இழுப்பு அதற்குக் குறுக்கே எதிர்ச் சாய்வில். ஒரே திசையில் இழுத்துக்கொண்டே போனால் முதல் இழுப்பில் விழுந்த அலையின் மேலேயே பிளேடு ஏறி இறங்கி அதை இன்னும் ஆழமாக்கும். குறுக்கும் மறுக்கும் இழுத்தால் மேடுகள் தாமாக வெட்டுப்படும். இழுத்தபின் பக்கத்திலிருந்து பாருங்கள். பரப்பு முழுக்கப் பல் கோடு விழுந்திருக்கும், சில இடங்களில் மட்டும் கோடு படாமல் வழவழவென்று திட்டுத் திட்டாகத் தெரியும். அந்தத் திட்டுகள்தான் பள்ளம். அவற்றைச் சுற்றி மேட்டைக் குறைக்கலாமா, பள்ளத்தை நிரப்பலாமா என்பதை டெம்ப்ளேட்டை வைத்து முடிவு செய்யுங்கள். நிரப்புவதானால் சூடான மண், அதுவும் வெண்ணெய் பதத்தில் இருக்கும்போதே, விரலால் அழுத்தித் தேய்த்துக் கொஞ்சம் மேலேயே ஏற்றிவிட்டு, ஆறியபின் மறுபடி குறுக்கும் மறுக்கும். திட்டு ஒன்றுகூட இல்லாமல் கோடு விழும்வரை மெழுகுத் தகட்டைக் கையில் எடுக்கவே கூடாது. மெழுகுத் தகடு பளபளப்புத் தரும், வடிவம் தராது. சீக்கிரம் பளபளப்பாக்கிய பரப்பில் பிழை ஒளிந்துகொள்ளும்.

காரின் ஒரு பாதியை முழுசாக முடித்துவிட்டுத்தான் மறுபாதிக்குப் போக வேண்டும். இரண்டையும் கூடவே வளர்த்தால் இரண்டும் மாறிக்கொண்டே இருக்கும். பாதி முடிந்ததும் நடுக்கோட்டில் ஒரு கண்ணாடியை நிறுத்திப் பாருங்கள், முழுக் கார் தெரியும், அப்போதே அகலம், ஒடுக்கம் எல்லாவற்றையும் தீர்மானித்துவிடலாம். அளவை மறுபக்கம் மாற்ற ஸ்டூடியோவில் காருக்குக் குறுக்கே நின்று அளவெடுக்கும் பெரிய பாலம் போன்ற கருவிகள் உண்டு. உங்களுக்கு ஸ்தபதிகளின் ஒடியோலை போதும். சிலையின் உயரத்துக்குத் தென்னை ஓலையை நறுக்கி, தாளம் என்ற உருவ அளவுக் கணக்குப்படி மடித்து, அந்த மடிப்புகளை வைத்தே முகம், கழுத்து, மார்பு என்று அளப்பார்கள். ஓலை இழுத்தால் நீளாது, வளைவின் மேல் ஒட்டிப் படுக்கும், நகத்தால் குறித்த குறி நிற்கும். நடுக்கோட்டிலிருந்து பானட் மேல் தவழ விட்டு இறக்கை நுனிவரை ஒரு ஓலை. வேண்டிய இடத்தில் மடிப்பு. அப்படியே மறுபக்கம் திருப்பிப் போடுங்கள். ஆனால் ஓலை காட்டுவது பரப்பின் மேல் தவழ்ந்த நீளத்தை மட்டும். அதே புள்ளியின் உயரத்தைப் பலகையிலிருந்து ஸ்கேலில் எடுத்து இரண்டும் ஒத்துப்போனால்தான் அந்தப் புள்ளி சரி. ஓலை நீளம் சரியாக இருந்து உயரம் குறைந்தால் இடையில் எங்கோ வளைவு தப்பியிருக்கிறது என்று அர்த்தம், புள்ளியை நகர்த்தாமல் வளைவைத் தேடுங்கள்.

வெளிச்சப் பரிசோதனை மாலையில் செய்யுங்கள். காரின் நீளவாக்கில் ஒரே ஒரு டியூப்லைட், மற்றதெல்லாம் அணைத்துவிட்டு, பரப்பில் சோப்புத் தண்ணீரைத் தூரிகையால் பூசுங்கள். வெறும் தண்ணீர் இந்த மண்ணில் முத்து முத்தாக ஒதுங்கிவிடும், சோப்பு சேர்ந்தால் படர்ந்து நிற்கும். தலையை மேலும் கீழும் அசைத்துக்கொண்டே அந்த வெள்ளைக் கோட்டைப் பின்தொடருங்கள். எங்கே கோடு நெளிகிறதோ அங்கே ஒரு கீறல் குறி. முடிவாகப் பார்க்க, பளபளப்பான கறுப்பு வினைல் படலத்தை அதே சோப்புத் தண்ணீர் மேல் இழுத்து ஒட்டலாம். கம்பெனிகளில் இதற்கென்றே நீளும் படலம் வைத்திருக்கிறார்கள், ஒட்டினால் பெயின்ட் அடித்த கார்தான். முதல் தடவை கறுப்பு ஏறியதும் நீங்கள் முடிந்தது என்று நினைத்த பக்கம் இன்னும் எவ்வளவு பாக்கி என்று காட்டும். அந்த வேலையைச் சலிக்காமல் செய்யுங்கள், இந்தக் காரின் அழகு முழுக்க அதில்தான் இருக்கிறது.

விளக்கு, கிரில், குழாய், உள்ளிருக்கை இவற்றை மண்ணில் செய்யாதீர்கள். தனித்தனியாக மரத்திலோ அக்ரிலிக்கிலோ செய்து பின்னால் பொருத்தலாம். குமிழிக் கண்ணாடிக்கு மரத்தில் அச்சு செதுக்கி, சூடாக்கிய அக்ரிலிக் தகட்டை அதன்மேல் இழுத்துவிடலாம். சிவப்பு ஓரக்கோடு கடைசிப் பெயின்ட் வேலை.

ஃபைபர் எடுக்கும் கட்டத்துக்கு நாகப்பட்டினம் பக்கம் ஃபைபர் படகு கட்டுகிறவர்களில் ஒருவரைப் பிடித்துக்கொள்ளுங்கள். ரெசின், கண்ணாடி இழை மேட், மேல்பூச்சான ஜெல் கோட் எல்லாம் அவர்களுக்குக் கைப்பழக்கம், உங்கள் காரைவிடப் பெரிய வளைவுகளைத் தினமும் எடுக்கிறவர்கள். உங்கள் பக்கம் கவனிக்க வேண்டியவை சில. களிமண் மேல் அரக்கு வார்னிஷ் பூசி அடைத்து, மெழுகு பாலிஷும் அதன்மேல் அச்சு ஒட்டாமல் பிரிய உதவும் பி.வி.ஏ. படலமும் கொடுத்த பிறகுதான் ஜெல் கோட். ரெசின் இறுகும்போது சூடேறும், மெழுகு மண் அந்தச் சூட்டில் இளகிப் பரப்பு கெடும். அதனால் முதல் அடுக்கு மெல்லியதாக இருக்க வேண்டும், அது முழுக்க ஆறியபின் அடுத்தது. ரெசினில் இருக்கும் ஸ்டைரீன் தெர்மக்கோலைக் கரைத்துவிடும், மண் மெலிந்து தெர்மக்கோல் எட்டிப் பார்க்கும் இடம் எங்கும் இருக்கக் கூடாது. அச்சை ஒரே துண்டாக எடுக்க முடியாது, சக்கர வளைவும் இறக்கையின் உள்பக்கமும் மாட்டிக்கொள்ளும். எங்கே பிரிப்பது என்பதைக் கதவுக் கோடு, இறக்கை விளிம்பு மாதிரி இயல்பாகவே கோடு விழும் இடங்களில் வைத்துக்கொண்டால் பிரதியில் தையல் தெரியாது.

இதை மட்டும் மறக்காதீர்கள்: ரெசினை இறுக வைக்கும் வினையூக்கி திரவத்தையும் கோபால்ட் முடுக்கியையும் நேருக்கு நேர் கலக்கவே கூடாது, வெடிக்கும். ஒன்றை ரெசினில் முழுக்கக் கலந்த பிறகுதான் மற்றது. அந்த வினையூக்கி கண்ணில் தெறித்தால் பார்வையே போகலாம், கண்ணாடி போடாமல் பாட்டிலைத் திறக்காதீர்கள். வேலை திறந்த வெளியில் நடக்கட்டும்.

ஃபைபர் வேண்டாம், ஒரு கையகல அளவில் வெண்கலத்தில் வேண்டும் என்று தோன்றினால், அதற்கு நம் வண்டல் மண் வருகிறது. சின்னக் காரை மெழுகிலேயே செய்து, சுவாமிமலைப் பட்டறையில் கொடுத்தால் காவிரி வண்டலை மெழுகின் மேல் பூசி, நிழலில் காயவைத்து, சூடாக்கி மெழுகை வடித்துவிட்டு உலோகம் ஊற்றித் தருவார்கள். அந்த வண்டல் அவ்வளவு நுண்மையானது, மெழுகில் நீங்கள் வைத்த நகக்கீறல்கூட வெண்கலத்தில் வரும். காவிரி மண்ணிலும் காருக்கு வேலை செய்ய வேண்டும் என்று ஆசைப்பட்டீர்களே, அதற்கு நேர்மையான வழி இதுதான். மெழுகு மண்ணில் பழக ஆள் வேண்டும் என்றால் கும்பகோணம் அரசு கவின் கலைக் கல்லூரியில் சிற்பம் படிக்கும் பிள்ளைகளோடு பேசிப் பாருங்கள்.

விற்கலாமா என்று கடைசியில் ஒரு வரி கேட்டிருந்தீர்கள். வீட்டில் வைக்க ஒன்று செய்வது வேறு, வரிசையாகச் செய்து விற்பது வேறு. இந்தக் காரின் பிரதிகளை விற்றவர் மேல் காமிக்ஸ் கம்பெனி போட்ட வழக்கில், 2015-ல் அமெரிக்க மேல்முறையீட்டு நீதிமன்றம் பேட்மொபைலே பதிப்புரிமைப் (copyright) பாதுகாப்புள்ள ஒரு கதாபாத்திரம்தான் என்று தீர்ப்புச் சொல்லிவிட்டது. விற்கிற எண்ணம் இருந்தால் உங்கள் சொந்த வடிவத்தில் ஒரு கார் செய்யுங்கள், கற்ற வித்தை அதற்கும் உதவும்.

மேல்பார்வைப் படத்தை வரைந்து முடித்ததும், மண் கலக்கும் முன்பே, எனக்குப் போட்டோ எடுத்து அனுப்புங்கள். முன்சக்கரத்துக்கு முன்னால் மூக்கு எவ்வளவு ஒடுங்குகிறது என்று அதில் பார்த்துச் சொல்கிறேன், அது சரியாக இருந்தால் மற்ற டெம்ப்ளேட்டுகளை நீங்கள் தைரியமாக வெட்டலாம்.